ஐந்து பேருக்குத் தீபாவளித் துணி: எங்கே எடுப்பது?

புரட்டாசி பிறந்ததுமே எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு தொடங்கிவிடும். அத்தை, கணவர், நான், பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் மகள், மூன்றாம் வகுப்பு மகன் என ஐந்து பேர். ஒதுக்கி வைத்திருக்கும் பணம் 8,000 ரூபாய். திருப்பூருக்குப் பக்கத்தில் குடியிருப்பதால் துணிக்குப் பஞ்சமில்லை. 299 ரூபாய்க்கு டாப்ஸ் தொங்கும் கடை இருக்கிறது, காதர்பேட்டை இருக்கிறது, கோ-ஆப்டெக்ஸ் இருக்கிறது, தெருமுனையில் டெய்லர் அண்ணன் இருக்கிறார்.

இந்த வருடம் எதை எடுத்தால் யாருக்கு என்ன செலவு என்று உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். பில்லில் வரும் தொகையோடு நிற்காமல், பில்லில் வராததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் உண்டு. என் அம்மாவின் ஊர் நொய்யல் கரையில், ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருக்கிறது. சின்ன வயதில் லீவுக்குப் போனால் கிணற்றில்தான் நாள் முழுக்கக் கிடப்போம். சில வருடங்கள் கழித்து அதே கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்கவில்லை, பருப்பு வேகவில்லை. தென்னையில் குரும்பை எல்லாம் கொட்டிப்போனது. யாரோ எங்கேயோ மலிவாக வாங்கிய பனியனுக்கு அவர்கள் கொடுக்காத மீதிப் பணத்தை அந்தக் கிணறு கொடுத்துக்கொண்டிருந்தது.

கிணற்றைக் கெடுத்தது சாயக்கழிவோடு வந்த உப்பு. அதனால் முதலில் அந்த உப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மற்ற எல்லாத் தேர்வுகளையும் எடைபோட அது வேண்டும்.

பருத்தித் துணிக்கு இன்று பெரும்பாலும் போடுவது ரியாக்டிவ் சாயம். சாயம் தண்ணீரை விட்டு நூலில் ஏறவேண்டுமானால் உப்பு போட்டே ஆக வேண்டும். வெளிர் நிறத்துக்குக் கொஞ்சம் போதும். கறுப்பு, நேவி புளூ, மெரூன் போன்ற அடர் நிறங்களுக்கு ஒரு கிலோ துணிக்கு அரைக் கிலோவுக்கும் மேல் போய்விடும். ஒரு கறுப்பு டீ-சர்ட்டுக்குப் பின்னால் ஒரு கைப்பிடி உப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அந்த உப்பு துணியில் தங்குவதில்லை, அப்படியே கழிவுநீரில் வந்துவிடும். சாயக்கழிவு என்றால் எல்லோருக்கும் சிவப்பும் நீலமுமாக ஓடும் தண்ணீர்தான் நினைவுக்கு வரும். நிறத்தைப் பிரித்தெடுக்க வழிகள் இருக்கின்றன. தண்ணீரில் கரைந்த உப்பை எடுப்பதுதான் பெரும்பாடு.

வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல் கோவை, திருப்பூர் தாண்டி கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. அதன் குறுக்கே பாசனத்துக்காக 1990-களின் தொடக்கத்தில் ஒரத்துப்பாளையம் அணையைக் கட்டினார்கள். திருப்பூரின் பனியன் ஏற்றுமதி வேகமெடுத்த அதே காலம் அது. கொஞ்ச வருடங்களிலேயே அணை சாயக்கழிவுத் தேக்கமாகிவிட்டது. பாசனத்துக்கு அணை வேண்டும் என்று கேட்ட மக்களே, இதில் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று போராட வேண்டியதாயிற்று. வழக்கு பல வருடம் நடந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் மூடச் சொன்னது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள். ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட வெளியே வராது என்று உறுதி செய்த பிறகுதான் திறக்கலாம் என்றார்கள்.

அதன் பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பெருமளவு மாறின. கழிவுநீரைச் சவ்வுகளில் வடிகட்டி, மிச்சத்தைக் கொதிக்கவைத்து ஆவியாக்கி, உப்பை மீட்டு மறுபடி சாயத்துக்கே பயன்படுத்துகிறார்கள். இந்த அளவில் இதைச் செய்து காட்டிய ஊர்கள் உலகத்திலேயே குறைவு. நொய்யல் கரையில் வளர்ந்தவள் என்ற முறையில் இதை மனதாரச் சொல்கிறேன். ஆனால் செலவு காணாமல் போய்விடவில்லை, இடம் மாறியிருக்கிறது. தண்ணீரை ஆவியாக்க பாய்லர் எரிய வேண்டும், மின்சாரம் வேண்டும். கடைசியில் மீட்க முடியாத கலப்பு உப்பும் சேறும் மூட்டை மூட்டையாகக் கிடங்குகளில் கிடக்கின்றன. இதற்கெல்லாம் ஆகும் பணம் துணியின் விலையில் ஏறும். பிராண்டுகள் அதைத் தர யோசிக்கும். இப்படிப்பட்ட விதி இல்லாத ஊரில் கிலோவுக்குச் சில ரூபாய் குறைவாகக் கிடைத்தால் ஆர்டர் அங்கே போய்விடும். திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் பல வருடங்களாகச் சொல்லிவரும் குறை இது. நியாயமான குறை.

சரி, இனி கடைகளுக்கு வருவோம்.

299 ரூபாய் டாப்ஸ்

மகளுக்குப் பிடித்த கடை. போகும்போதெல்லாம் புது மாடல் இருக்கும். பதினாறு வயதில் அழகாக உடுத்த ஆசைப்படுவதில் ஒரு தப்பும் இல்லை. பெரிய வீட்டுப் பெண்கள் போடும் மாதிரியான ஒன்றை எங்களைப் போன்ற குடும்பத்துப் பெண்ணும் போட முடிகிறது என்பது அவளுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். அதனால் இந்தக் கடையைத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிட மனம் வரவில்லை.

லேபிளைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் பாலியஸ்டர். பெட்ரோலியத்திலிருந்து வருவது. இன்று உலகில் உற்பத்தியாகும் இழையில் பாதிக்கும் மேல் அதுதான். துவைக்கும் ஒவ்வொரு முறையும் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் இழைகள் உதிர்ந்து சாக்கடையில் இறங்குகின்றன. தூக்கி எறிந்தாலும் மக்காது. இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். பாலியஸ்டருக்குப் போடும் டிஸ்பர்ஸ் சாயத்துக்கு உப்பு தேவையில்லை, அதிக வெப்பம் இருந்தால் போதும். நொய்யல் கணக்கில் மட்டும் பார்த்தால் கறுப்புக் காட்டன் டீ-சர்ட்டை விட கறுப்புப் பாலியஸ்டர் டாப்ஸ் மேல். காட்டன் என்றாலே சுத்தம் என்று நான் இத்தனை நாளாக நினைத்திருந்தது முழு உண்மை இல்லை.

தைத்தவர்களின் பக்கம் வருகிறேன். எதிர் வீட்டு அக்கா ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகிறார். இங்கே வேலையை நாள் கணக்கில் சொல்ல மாட்டார்கள், ஷிப்ட் கணக்குத்தான். ஆர்டர் அவசரம் என்றால் ஒன்றரை ஷிப்ட். காலை எட்டரைக்குப் போனால் இரவு எட்டரை. கப்பல் தேதி நெருங்கினால் அதற்கு மேலும் இழுக்கும். டியூப் லைட்டுக்குக் கீழே நின்றபடியே ஓட்டையும் கறையும் தேடிக்கொண்டிருக்க வேண்டும். கடையில் வாரத்துக்கொரு புது மாடல் தொங்க வேண்டுமென்றால், அந்த அவசரம் படிப்படியாக இறங்கிவந்து கடைசியில் நிற்பது அக்காவின் காலிலும் கண்ணிலும்தான்.

அந்த அவசரம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வங்கதேசம் சாட்சி. 2013 ஏப்ரல் 24, டாக்காவுக்கு அருகே சாவரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். முந்தைய நாளே சுவரில் விரிசல் விட்டிருந்தது. அதைப் பார்த்துக் கீழ்த்தளங்களில் இருந்த வங்கியும் கடைகளும் மூடிவிட்டன. மேலே இருந்த தையல் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் காலை வேலைக்கு ஏறச் சொன்னார்கள். ஆர்டரை நேரத்துக்கு அனுப்ப வேண்டும் என்ற நெருக்கடி. இடிபாடுகளுக்குள் கிடைத்த லேபிள்களில் நமக்குத் தெரிந்த மேற்கத்திய பெயர்கள் பல இருந்தன.

அப்படியென்றால் இந்த மாதிரித் துணியை யாருமே வாங்காமல் விட்டுவிட்டால் என்ன? எதிர் வீட்டு அக்காவை வைத்துத்தான் இதற்குப் பதில் சொல்ல முடிகிறது. 2020-ல் கொரோனா வந்தபோது பிராண்டுகள் தைத்து முடித்த சரக்கைக்கூட வேண்டாம் என்றன. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி போட்டபோதும் திருப்பூர் ஆர்டர்கள் அடிவாங்கின. ஆர்டர் நின்றால் முதலில் வீட்டில் உட்காருவது ஹெல்பரும் செக்கிங்கும் கான்டிராக்ட் ஆட்களும்தான். நான் ஒரு டாப்ஸ் வாங்காமல் விட்டதால் அக்காவின் கூலி ஏறப் போவதில்லை.

நிலைமையைக் கொஞ்சமாவது மாற்றியவை எழுத்தில் இருக்கும் ஒப்பந்தங்கள். ராணா பிளாசாவுக்குப் பின் பிராண்டுகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து, சட்டப்படி கட்டுப்படுத்தக்கூடிய பாதுகாப்பு ஒப்பந்தம் ஒன்றைப் போட்டார்கள். அதன் பிறகுதான் கட்டடங்களை வெளியாட்கள் வந்து சோதிப்பதும் சரிசெய்ய வைப்பதும் தொடங்கியது. இங்கே 2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கம் ஓர் ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். அவருடைய சூப்பர்வைசரே அவரைக் கொன்றது தெரியவந்தது. பெண்கள் தலைமையில் இயங்கும் ஒரு தொழிற்சங்கம் விடாமல் போராடி, 2022 ஏப்ரலில் ஆலை நிறுவனத்தோடும், அங்கிருந்து துணி வாங்கிய எச் அண்ட் எம் போன்ற பிராண்டோடும் திண்டுக்கல் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. பாலியல் தொல்லையைப் பற்றித் தொழிலாளி பயமில்லாமல் புகார் சொல்லலாம், ஆலை ஒப்பந்தத்தை மீறினால் பிராண்டு நெருக்கடி கொடுத்தே ஆக வேண்டும். ஒரு கடைக்குள் நுழையும்போது, இவர்கள் இப்படி எதிலாவது கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா என்று போனில் தேடிப் பார்ப்பது பச்சை இலை ஒட்டிய டேக்கைப் பார்ப்பதைவிட உருப்படியான வேலை.

பணக் கணக்கு: போன தீபாவளிக்கு மகள் இந்தக் கடையில் எடுத்த டாப்ஸை ஏழு தடவை போட்டாள். அப்புறம் பக்கத் தையல் விட்டுப்போனது. ஒரு தடவை போட 43 ரூபாய் ஆகியிருக்கிறது.

காதர்பேட்டை

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். ஏற்றுமதியில் மிஞ்சியது, சின்னக் குறையால் கழிக்கப்பட்டது, ரத்தான ஆர்டர் எல்லாம் திருப்பூர் காதர்பேட்டைக் கடைகளுக்கு வரும். ஒரு டீ-சர்ட் நூறு, நூற்றைம்பதுக்குக் கிடைக்கும். துணி நல்ல கனமாக இருக்கும். ஏதோ ஓரிடத்தில் ஒரு புள்ளி, ஒரு கோணல் தையல்.

உப்பும் தண்ணீரும் கூலியும் ஏற்கெனவே செலவாகிவிட்ட துணி இது. நான் வாங்காவிட்டால் வீணாகலாம். புதிதாக ஒன்றைத் தைக்கச் சொல்லி நான் யாரையும் அவசரப்படுத்தவில்லை. எனவே மலிவு வேண்டும், மனசாட்சியும் உறுத்தக் கூடாது என்பவர்களுக்கு இது நல்ல வழி. ஆனால் கவனம்: அங்கே இருப்பதெல்லாம் மிச்சச் சரக்கு இல்லை. உள்ளூர் விற்பனைக்கென்றே அடித்த சரக்கையும் எக்ஸ்போர்ட் என்று சொல்லி விற்கிறார்கள். மலிவாக இருக்கிறதே என்று ஒன்றுக்கு ஆறு எடுத்துவந்து மூன்றைப் போடாமலே வைத்த அனுபவமும் எங்களுக்கு உண்டு.

ஆர்கானிக் டேக்

பருத்தி வயலில் என்ன நடக்கிறது என்று தெரிந்தவர்கள் ஆர்கானிக் என்ற சொல்லை எளிதில் தள்ளிவிட மாட்டார்கள். 2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்குப் பூச்சிமருந்து அடித்த விவசாயிகளும் கூலியாட்களும் 20 பேருக்கு மேல் நச்சேறி இறந்தார்கள். மருந்தில்லாமல் விளைந்த பருத்தி என்றால் முதலில் நன்மை நம் தோலுக்கில்லை, டேங்கைத் தோளில் சுமக்கும் அந்த ஆளுக்குத்தான்.

தண்ணீர் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு காட்டன் டீ-சர்ட்டுக்கு 2,700 லிட்டர் என்ற எண்ணை எல்லா இடத்திலும் பார்க்கலாம். அதில் மழைநீரும் சேர்த்தி. இந்தியாவின் பருத்தி நிலத்தில் பெரும்பகுதி மானாவாரி. கரிசல் மண்ணில் மழையை மட்டும் நம்பி விளையும் கருங்கண்ணிப் பருத்தி குடிக்கும் 2,000 லிட்டரும், மத்திய ஆசியாவின் ஏரல் கடலுக்குப் போக வேண்டிய ஆறுகளைத் திருப்பிவிட்டு வளர்த்த பருத்தி குடித்த 2,000 லிட்டரும் ஒன்றாகாது. ஒரு கடலே வற்றியது பின்னதால்தான். எத்தனை லிட்டர் என்பதோடு எங்கிருந்து எடுத்த லிட்டர் என்றும் கேட்க வேண்டும்.

என் தயக்கம் டேக்கில் இருக்கிறது. ஆர்கானிக் துணிக்கு உலக அளவில் மதிப்புள்ள சான்று காட்ஸ் (GOTS). பருத்தி மட்டுமில்லாமல் சாயம், கழிவுநீர், தொழிலாளர் நிலை எல்லாவற்றுக்கும் அதில் விதி உண்டு. அப்படிப்பட்ட அமைப்பே 2020-ல், இந்தியாவிலிருந்து வந்த 20,000 டன் பருத்திக்குப் பொய்ச் சான்று காட்டப்பட்டிருக்கிறது என்று கண்டுபிடித்து நிறுவனங்களைத் தடை செய்தது. கண்டுபிடித்தார்களே என்று ஆறுதல் கொள்ளலாம். கடையில் நிற்கும் எனக்கு எது அசல் எது போலி என்று தெரியப் போவதில்லை. நான் பார்த்த ஒரு ஆர்கானிக் குர்தா 2,200 ரூபாய். ஐந்து பேருக்கு 8,000 வைத்திருக்கும் வீட்டில் அது நடக்காது. கையில் பணம் இருப்பவர்கள், விவசாயியின் ஊரையும் பருத்தியின் ரகத்தையும் சொல்லி விற்கும் சின்ன முயற்சிகளிடம் வாங்கலாம். அங்கே கேள்வி கேட்டால் பதில் கிடைக்கும்.

கைத்தறி

இதில் எனக்குப் பாசம் அதிகம். அதனாலேயே கொஞ்சம் கடுமையாகப் பார்த்தேன்.

நல்லது என்னவென்று ஊருக்கே தெரியும். தறிக்கு மின்சாரம் வேண்டாம். நூல் நொறுங்காமல் நெய்வதால் துணி மூச்சுவிடும், நாள்பட நாள்பட மெத்தென்று ஆகும். அத்தையின் நெகமம் காட்டன் சேலை ஒன்றுக்கு என் மகள் வயது. இன்றும் வெள்ளிக்கிழமை அதுதான். கிழிந்தால் தலையணை உறை, அதற்கப்புறம் கைப்பிடித் துணி. பருத்தி என்பதால் கடைசியில் மண்ணோடு மண்ணாகும்.

இனி கடினமான பகுதி. பருத்திக் கைத்தறிக்கு நூல் எங்கிருந்து வருகிறது? கதரைத் தவிர மற்றதெல்லாம் ஸ்பின்னிங் மில் நூல்தான். திண்டுக்கல், கோவை, ஈரோடு, விருதுநகர் பக்கத்து மில்களில் சுமங்கலித் திட்டம் என்று ஒன்று நடந்தது பலருக்கு நினைவிருக்கும். ஏழை வீட்டுப் பெண் பிள்ளைகளை மூன்று வருட ஒப்பந்தத்தில் மில் விடுதியில் தங்கவைத்து வேலை வாங்குவார்கள். முடிவில் கல்யாணத்துக்கு ஆகும் என்று மொத்தமாக ஒரு தொகை. இடையில் உடம்பு முடியாமல் வீட்டுக்கு வந்தால் அந்தத் தொகை கிடைக்காது. பஞ்சு தூசியில் இருமிக்கொண்டு, வெளியே போக அனுமதியில்லாமல் கிடந்த பிள்ளைகள் அவர்கள். இப்போது அந்தப் பெயரில் யாரும் ஆள் எடுப்பதில்லை, ஆனால் விடுதியில் வைத்து வேலை வாங்கும் வழக்கம் போய்விடவில்லை. ஏற்றுமதிப் பனியனுக்கும் கைத்தறிச் சேலைக்கும் நூல் போகும் வழி இந்த இடத்தில் ஒன்றுதான். கைத்தறி வாங்கினால் இந்தக் கேள்வியிலிருந்து தப்பித்துவிட்டேன் என்று சொல்ல முடியாது. அந்த நூலுக்கும் சாயம் போட வேண்டும், அதற்கும் உப்பு வேண்டும்.

நெய்பவரின் நிலை இன்னும் வருத்தமானது. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் நெசவிலும் அதைச் சார்ந்த வேலைகளிலும் 35 லட்சம் பேர் இருக்கிறார்கள். அந்தக் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்கின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் குறைவு. எதிர் வீட்டு அக்கா வாங்குவதைவிட இது குறைவு. நெசவாளர் வீட்டுப் பையன்கள் தறியை விட்டுவிட்டுப் பனியன் கம்பெனிக்கு வருவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. விசைத்தறித் துணியையே கைத்தறி என்று சொல்லி விற்கும்போது அந்தக் குறைந்த வருமானத்திலும் அடி விழுகிறது. சில ரகங்கள் கைத்தறிக்கு மட்டுமே என்று 1985-லேயே சட்டம் போட்டும் இது நிற்கவில்லை.

இவ்வளவையும் தெரிந்துகொண்டு ஏன் கைத்தறி? பணம் போய்ச் சேரும் தூரம் குறைவு என்பதுதான் காரணம். 1935-ல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களிடமிருந்துதான் வாங்குகிறது. தீபாவளிக்கு 30 சதவீதத் தள்ளுபடியும் உண்டு. தள்ளுபடியில் வாங்கினால் நெசவாளிக்குப் பாதகம் இல்லையா என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அரசு மானியத்தோடு வரும் தள்ளுபடி அது, தேக்கமான சரக்கு நகர்ந்தால்தான் சங்கத்தின் தறிகளில் அடுத்த பாவு (நீளவாட்டு நூல்) ஏறும்.

இன்னொரு சங்கடத்தை யாரும் எழுதுவதில்லை. கைத்தறிச் சேலைக்குக் கஞ்சி போட வேண்டும், நிழலில் உலர்த்த வேண்டும், ஈரம் தெளித்து அயர்ன் பண்ண வேண்டும். அந்த வேலை எங்கள் வீட்டில் என் தலையில்தான் விழும். வேலைக்குப் போகும் பெண் பாலியஸ்டர் சேலையை விரும்புவதற்குக் காரணம் அறியாமை இல்லை, நேரமின்மை. வீட்டில் அந்த வேலையைப் பகிர்ந்துகொள்ள ஆள் இருந்தால் கைத்தறி எடுங்கள்.

பணக் கணக்கு: அத்தைக்குப் பார்த்து வைத்திருக்கும் சேலை தள்ளுபடி போக 1,450. வாரம் ஒரு தடவை என்று ஐந்து வருடம் உடுத்தினால் 250 தடவை. ஒரு தடவைக்கு ஆறு ரூபாய்கூட வராது.

துணி எடுத்துத் தைப்பது

ரெடிமேட் சட்டைக்கும் தைத்த சட்டைக்கும் உள்ள பெரிய வித்தியாசம் உள்ளே மடித்து விட்டிருக்கும் துணி. டெய்லர் அண்ணன் பக்கத் தையலில் ஒரு இன்ச் விட்டுத்தான் தைப்பார். கணவருக்குத் தொப்பை போட்டபோது இரண்டு சட்டைகளைப் பிரித்துவிட்டார், 60 ரூபாயோடு வேலை முடிந்தது. ரெடிமேட் சட்டையில் அப்படிப் பிரிக்க எதுவும் இருக்காது. மெட்டீரியல் 550, தையல் கூலி 400, மொத்தம் 950. கூலி எங்கும் சுற்றாமல் அவர் கைக்கே போகிறது.

துணி விசைத்தறியில் வந்ததாக இருக்கலாம், சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறிக்காரர்களின் கூலிப் பிரச்சினை அதில் இருக்கலாம். அதை நான் மறைக்கவில்லை. ஆனாலும் ஒரு துணியை ஒன்பது மாதம் கூடுதலாகப் போட்டாலே அதனால் வரும் கரியமில வாயு, தண்ணீர்ச் செலவு, குப்பை எல்லாம் 20 முதல் 30 சதவீதம் குறையும் என்று பிரிட்டனில் கழிவைக் குறைப்பதற்காக இயங்கும் ராப் (WRAP) அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. பிரித்துத் தைக்க இடம் விட்ட சட்டைக்கு ஒன்பது மாதம் பெரிய விஷயமே இல்லை.

கைமாறி வரும் துணி

அக்கா மகனுக்குச் சிறியதானது என் மகனுக்கு வரும். எட்டு வயதுப் பையன் ஆறு மாதத்தில் பேன்ட்டைத் தாண்டி வளர்ந்துவிடுகிறான். அவனுக்குப் புதிதாக நிறைய எடுப்பதில் எந்த வகையிலும் பொருளில்லை. தீபாவளியன்று மட்டும் மஞ்சள் தடவிய புதுத்துணி ஒன்று வேண்டும். அந்த வாசனைக்காகவே அவன் காத்திருப்பான், அதைப் பறிக்க மாட்டேன்.

நாம் போட்டு முடித்ததை என்ன செய்வது என்பதில்தான் ஏமாந்துபோகிறோம். கொடுத்துவிட்டால் யாருக்காவது பயன்படும் என்று நினைக்கிறோம். கானாவின் அக்ரா நகரில் கன்டமான்டோ என்ற பெரிய பழந்துணிச் சந்தை இருக்கிறது. பணக்கார நாடுகள் தானமாகக் கொடுத்தவை மூட்டைகளாக அங்கே வந்து இறங்குகின்றன. மூட்டையைப் பிரித்தால் விற்க முடியாத அளவுக்கு மட்டமான துணி ஏராளம், அது வாய்க்காலுக்கும் கடற்கரைக்கும் போகிறது. சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் துணிக் குவியல்களை வானத்திலிருந்தே பார்க்கலாம். நம் நாட்டில் பானிபட்டில் பழைய கம்பளி ஆடைகளைக் கிழித்து நூலாக்கிப் போர்வை நெய்கிறார்கள். எங்கள் பக்கத்து ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூல் மில்களில் பனியன் கட்டிங் வேஸ்ட்டை நிறம் நிறமாகப் பிரித்து, மறுபடி சாயம் போடாமலே நூலாக்குகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த தொழில் அது, உப்பே இல்லை. ஆனால் உடுத்திய ஆடை மறுபடி ஆடையாவது உலக அளவில் 1 சதவீதத்துக்கும் குறைவு. பாலியஸ்டரும் காட்டனும் கலந்துவிட்டால் பிரிப்பது மிகவும் கடினம். வாங்கும்போதே லேபிளில் ஒரே இழை இருக்கிறதா என்று பார்ப்பது இதற்காகத்தான்.

ஆளுக்கொரு முடிவு

எல்லோருக்கும் ஒரே கடை என்று முடிவெடுக்க முடியவில்லை. ஒவ்வொருவரும் ஒரு துணியை எத்தனை நாள் உடுத்துவார்கள் என்பது வேறு வேறாக இருக்கிறதே.

அத்தைக்குக் கோ-ஆப்டெக்ஸ் சேலை, 1,450. கணவருக்கு டெய்லர் அண்ணனிடம் சட்டை, 950. எனக்குப் போன வருடம் தம்பி எடுத்துக் கொடுத்த சேலை பீரோவில் பிரிக்காமல் இருக்கிறது, பிளவுஸ் தையல் கூலி 350 மட்டும். மகனுக்குக் காதர்பேட்டையில் ஒரு டீ-சர்ட்டும் பேன்ட்டும், 450-க்குள். கறுப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அவன் மஞ்சள் கேட்கிறான்.

மகளிடம்தான் பேச வேண்டியிருந்தது. கைத்தறித் துணி எடுத்து அவள் போனில் காட்டும் மாடலிலேயே தைத்துத் தருகிறேன் என்றேன். துணி 1,100, தையல் 600. அவளுக்கு அது பிடித்திருந்தது, ஏனென்றால் அந்த மாடல் வேறு யாரிடமும் இருக்காது. அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: “அதோட அந்தக் கடை டாப்ஸ் ஒண்ணும் வேணும்மா. எல்லாரையும் மாதிரி போட்டுக்கணும்னு எனக்கும் ஆசையா இருக்கும்ல.” சரி என்றேன். ஒன்று மட்டும். தையலைக் கடையிலேயே இழுத்துப் பார்த்துவிட்டு, இழை கலக்காததாக, அவளே லேபிளைப் படித்து எடுக்க வேண்டும். நொய்யல் கிணற்றைப் பற்றி அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். அம்மாயி வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அதை அவள் எட்டிப் பார்க்கிறாள்.

மொத்தம் 5,199. மிச்சம் 2,801 இருக்கிறதே, இன்னொரு சேலை எடுத்துக்கொள்ளேன் என்றார் கணவர். அத்தைக்குக் கண் பவர் மாறி ஆறு மாதம் ஆகிறது, முதலில் கண்ணாடியை மாற்றலாம் என்றேன். டெய்லர் அண்ணன் புரட்டாசி முடிந்த பிறகு வரும் துணியைத் தீபாவளிக்கு ஒப்புக்கொள்ள மாட்டார். வரும் ஞாயிற்றுக்கிழமை மெட்டீரியல் எடுக்கப் போகிறோம்.